எண்பத்தெட்டுப் புள்ளி ஐந்து இரண்டு

தேர்வெழுதியோர் அறுபத்தொன்று.
தேறியோர் ஐம்பத்து நான்கு.
கணினி அறையில் மின்விசிறி ஓடாது,
உப்புக்காற்று அதன் தண்டைத் தின்றுவிட்டது.
மண்டபம் தாண்டி ரயில் போகும் அதிர்வில்
திரை ஒருமுறை நடுங்கி நிற்கிறது.
பகுப்பாய்வுப் படிவம் என் பொறுப்பு.
கெடு முடிந்து மூன்று நாள்.

பி.சி., பி.சி.எம்., எம்.பி.சி., எஸ்.சி. –
பெட்டி பெட்டியாகப் பிள்ளைகளைப் பிரிக்கிறேன்,
ஏலக்கூடத்தில் நண்டு தனி, கணவாய் தனி,
கழிசல் தனி என்று தள்ளுவதைப் போல.
இந்த உவமை எனக்கே பிடிக்கவில்லை.
கை அப்படித்தான் போகிறது.

தர்ஷிகா, நானூற்று எண்பத்தேழு.
பள்ளியில் முதல். முகாமிலிருந்து வருகிறாள்.
அப்பா பெயின்ட் அடிக்கக் கேரளா போயிருக்கிறார்.
சாதிச் சான்றிதழ் எண் இல்லாமல்
அடுத்த பக்கம் திறக்க மாட்டேன் என்கிறது திரை.
பத்து பூஜ்யம் அடித்தேன். திறந்தது.
பிறந்த இடம்: ராமநாதபுரம் அரசு மருத்துவமனை.
நாடு என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று
அவளையே கேட்டேன்.
"போன வருசம் என்ன மிஸ் போட்டீங்க?" என்றாள்.

தோற்ற ஏழு பேருக்கும்
ஆளுக்கொரு காரணம் சொல்ல வேண்டும்.
வருகைக் குறைவு,
பெற்றோர் அக்கறையின்மை,
மெல்லக் கற்பவர்.
மூன்றில் ஒன்றைச் சொடுக்கலாம். நான்காவது இல்லை.

சூசை டென்னிஸ், கணிதம் முப்பத்தொன்று.
கடலே இவனுக்குப் பள்ளிக்கூடம் என்று
ஆண்டுவிழா மேடையில் ஒருவர் பேசினார்.
கைதட்டினார்கள். டென்னிஸும் தட்டினான்.
அவனுக்கு ஏழாம் வாய்ப்பாடு வராது.
டீசல், ஐஸ் கழித்து, படகுக்குப் பாதி போக
மிச்சத்தில் ஆறு பங்கு என்ற கணக்கும் வராது.
வராததால்தான் கம்பெனிக்காரர் அவனுக்கு
டீயும் பன்னும் வாங்கித் தருகிறார்.
நாலு மார்க்.
வருகைப் பதிவேட்டில் அந்த நாலைத் தேடினேன்.
ஜனவரியில், எல்லை தாண்டியதாகச் சித்தப்பா பிடிபட்டு,
சேதி கேட்டு மீன்துறை அலுவலக வாசலில்
சித்தியோடு இவன் நின்ற பதினோரு நாள்கள்.
அந்தப் பதினோரு நாளில்தான்
வடிவொத்த முக்கோணங்கள் நடந்தன.
'வருகைக் குறைவு' என்று சொடுக்கினேன்.
பொய்யில்லை.

டிசம்பரில் ஏழு டி.சி. எழுதியிருந்தால்
இன்று நூறு சதவீதம்.
பக்கத்தில் ஒரு பள்ளி அப்படித்தான் நூறு ஆனது.
எழுதவிடாதவர் தலைமையாசிரியை லூர்து புனிதா.
விளக்கம் கேட்டு வந்த கடிதத்தை
நான்காக மடித்து
மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார்.
கண்ணாடி எடுக்கும்போதெல்லாம் அது கீழே விழுகிறது.

மாணவியர்:
முப்பத்து மூன்றுக்கு முப்பத்து மூன்று.
கட்டம் பச்சையாக மின்னுகிறது.
பாராட்டுக் கடிதம் தானாக வரும்.
பதினொன்றாம் வகுப்பில் சேர்ந்தவர்கள் இருபத்து நான்கு.
மிச்ச ஒன்பது பேரை எந்தப் படிவமும் கேட்கவில்லை.
காளீஸ்வரி விரல்களில் துணி சுற்றிக்கொண்டு
இடுப்பளவுத் தண்ணீரில் பாசி எடுக்கிறாள்.
அஃப்ராவுக்குக் கீழக்கரையில் நிச்சயமாகிவிட்டது.
மற்ற ஏழு பேரை நானும் விசாரிக்கவில்லை.
தேறிவிட்டார்கள் அல்லவா.

கடைசிக் கட்டம், 'குறிப்பு'.
வெறுமையாக விட்டால் ஏற்காது.
ஒரு புள்ளி வைத்தேன்.
ஏற்றது.

துணைத்தேர்வு ஜூலை இரண்டு.
தடைக்காலம் முடிந்து படகு இறங்கியது
ஜூன் பதினைந்து.
டென்னிஸின் நுழைவுச்சீட்டு என் மேசையில்.
படத்தில் எண்ணெய் வழியத் தலை சீவி
கழுத்துவரை பித்தான் போட்டிருக்கிறான்.
அவன் எண்ணை அழைத்தேன்.
தொடர்பு எல்லைக்கு அப்பால் இருக்கிறாராம்.
இரண்டு மொழியில் சொன்னாள் அந்தப் பெண்,
எந்த எல்லை என்று சொல்லவில்லை.

நாளைக் காலை படகு கரை பிடிக்கும்.
ஆறு மணிக்கு ஜெட்டியில் நிற்க வேண்டும்.
நனையாதிருக்க நுழைவுச்சீட்டை
பிளாஸ்டிக் உறையில் போட்டேன்.
போடும்முன் ஒரு துண்டுத் தாளில்
ஏழாம் வாய்ப்பாட்டை எழுதிச் சேர்த்தேன்,
ஏழேழு நாற்பத்தொன்பது வரை.
அதற்குமேல் தாளில் இடமில்லை.