ஒற்றைக் கோடு

முதலாம் வருடம், முதல் வகுப்பில்
தரங்கா மிஸ் சொன்னது:
டிப்பெக்ஸ் கொண்டுவர வேண்டாம்.
பிழைத்தால் ஒரு கோடு.
ஒன்றே ஒன்று.
அதன் கீழே கிடக்கும் பிழை
வாசிக்கக்கூடியதாய் இருக்கவேண்டும்.
பக்கத்தில் சரியானது, சுருக்கொப்பம், திகதி.

அன்றிரவு பம்பலப்பிட்டி அறையில்
உயர்தர வருடத்து டயரியைத் திறந்தேன்.
மருத்துவபீடம் என்று எழுதி
பேனை முனை தாள் கிழிக்கக்
கிறுக்கி அழித்த பக்கம்.
ஓர் எழுத்தும் மிஞ்சவில்லை.
மிஸ் பார்த்தால் பூச்சியம் போட்டிருப்பார்.

வெள்ளவத்தைக் கலியாண வீடுகளில்
மாமிமார் கேட்கிறார்கள்.
டொக்டருக்கா?
இல்லை மாமி.
நேர்ஸுக்கா?
இல்லை.
அப்ப லாபிலயா?
புது மருந்து மனுசருக்குச் சரிவருமா என்று
சோதிக்கிறவர்கள் ஒழுங்காகச் சோதிக்கிறார்களா என்று...
வாக்கியம் முடியுமுன்
பாயாசம் வந்துவிடும்.

மூன்றாம் வருடப் பயிற்சிக்கு
ஒரு சம்மதப் படிவம் தந்தார்கள்.
ஆங்கிலத்தில் இருபத்திரண்டு பக்கம்.
தமிழில் முப்பத்தொன்று.
ரண்டம் என்ற இடத்தில்
யாரோ 'சமவாய்ப்பு' என்று போட்டிருந்தார்கள்.
கணக்குப் புத்தகத்தில் நாங்கள் படித்தது 'எழுமாறு'.
இரண்டும் ஆஸ்பத்திரி வாங்கில் எடுபடாது.
நானும் ருஷ்னாவும்
154 பஸ்ஸில் தொங்கியபடி வாதாடினோம்.
லொத்தர்?
காசு விழும் என்று நினைப்பார்கள்.
பூவா தலையா?
உயிரோடு விளையாட்டா என்பார்கள்.
பொரளையில் இறங்கும்போது
'சீட்டுக் குலுக்கி எடுப்பதைப் போல' என்று முடிவு.
ஆறு கிழமை கழித்து
நெறிமுறைக் குழு
'போல'வை மட்டும் 'போன்று' ஆக்கி
அனுமதி தந்தது.

செலஸ்ரீன் அக்கா.
மட்டக்குளி. ஐம்பத்து மூன்று வயது.
பதினொரு வருடச் சீனி வருத்தம்.
ஆமர் வீதியில் சப்பாத்துப் பெட்டி ஒட்டுகிறார்.
முப்பத்தொரு பக்கத்தையும் கையில் நிறுத்துப் பார்த்து
இவ்வளவும் எனக்கா என்றார்.

எனக்கு எந்தக் குளிசை கிடைக்கும், மகள்?
தெரியாது அக்கா.
டொக்டருக்கு?
அவருக்கும் தெரியாது.
அப்ப யாருக்குத்தான் தெரியும்?
ஒரு கம்பியூட்டருக்கு.
சிரித்தார்.
மேல இருக்கிறவரும் அப்படித்தான்,
கேட்டாலும் சொல்லமாட்டார்.

அவருக்கு வாசிக்கத் தெரியாது.
பக்கம் சாராத சாட்சி ஒருவர் வேண்டும்.
நானாக முடியாது, நான் ஆய்வின் ஆள்.
காதுக் குத்துக்கு வந்திருந்த
மாளிகாவத்தை இம்தியாஸ் நானா
தன் இலக்கம் வரும்வரை இருக்கிறேன் என்றார்.
பதினேழாம் பக்கத்தில் என்னை நிறுத்தினார்.
பக்கவிளைவுன்டா
பக்கத்துல யாருக்கு?
இருபத்தொரு பேர் பார்த்துச் சரிசெய்த படிவத்தில்
ஒருவரும் கேட்காத கேள்வி.
விளங்கப்படுத்தி முடித்தபோது
அவருடைய இலக்கம் போய்விட்டிருந்தது.
இருந்து கடைசிவரை கேட்டுக்
கையொப்பம் வைத்தார்.
அக்காவின் பெருவிரல்
பசை காய்ந்து வெடித்திருந்தது.
ரேகை மூன்றாம் முறைதான் பதிந்தது.

நான்காவது வருகைக்கு அவர் வரவில்லை.
முதல் அழைப்பு, பதிலில்லை. எழுதினேன்.
இரண்டாவது, பதிலில்லை. எழுதினேன்.
எழுதாதது நடக்கவே இல்லை என்பது
எங்கள் துறையின் முதல் வேதம்.
மூன்றாவதில் எடுத்தார்.
பின்னால் பிரஷர் குக்கர் விசில்.
நான் இனி வரல்ல, மகள்.
ஏன் என்று வாய்வரை வந்தது.
ஏன்னு கேக்காத.
காரணம் சொல்லத் தேவையில்லன்னு
நாலாம் பக்கத்தில
நீதானே வாசிச்ச.

நாலாம் பக்கம்.
எனக்கே பக்க இலக்கம் நினைவில்லை.
எடுத்துப் பார்த்தேன்.
நாலுதான்.

விலகினார் என்று எழுதினேன்.
காரணம்: தெரியாது.
பிறகு அதன்மேல் ஒரு கோடு.
காரணம்: கூற விரும்பவில்லை.
சுருக்கொப்பம். திகதி.
தெரியாது இன்னும் கீழே வாசிக்கலாம்.

நாளைக்குப் புள்ளிவிபரவியல் பரீட்சை.
குலுக்கலில் ஒருமுறை வந்தவர்
இடையில் போனாலும்
கணக்கிலிருந்து போகமாட்டார் என்று
ருஷ்னாவுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.
அவள் திரும்பத் திரும்பக் கேட்கிறாள்.
நூற்றிருபது பேர்.
அவரோடு நூற்றிருபது.