நம்ம ஆள்

டிக்கோயா ஆஸ்பத்திரி. பின்னேரம் ஐந்தேகால்.
மூடுபனி ஜன்னல்வரை வந்து நிற்கிறது.
லென்சின் கீழே தவமலரின் ஒரு துளி:
ஊதாச் சாயம் குடித்து
பெரிய பெரிய கண்களாய்
முற்றாத அணுக்கள்.
எண்ணினேன். நூற்றில் எழுபத்தொன்று.
மறுபடி எண்ணினேன், குறையுமென்று.

வெளி வாங்கில் அவள் அண்ணன் யோகநாதன்,
தேயிலை ஃபெக்டரியில் இரவு வாச்சர்.
"உடம்புக்குள்ள காவலே இல்லையா மிஸ்?"

இருக்கிறது.
ராப்பகலாய் ரோந்து போகிறது.
ஒவ்வொரு அணுவையும் தொட்டுக் கேட்கிறது
யார் நீயென்று.
இவை ஓடுவதில்லை, ஒளிவதில்லை.
காவலின் கையை இவையே பிடித்து
மெல்ல ஒருமுறை அழுத்துகின்றன.
'நம்ம ஆள்' என்று அதற்கு அர்த்தம்.
அத்தோடு அந்தக் கை சோர்ந்துபோகும்.
மற்றவர்களைக் கூப்பிடவேண்டிய குரல்
தொண்டையிலேயே நின்றுவிடும்.

கொஞ்சநேரம் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"போன தீவாளிக்கு முந்தின ராவு
லொறியில வந்தவன்
என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டான்.
நாந்தான் கேட்டத் திறந்தேன்.
பதினெட்டு மூட்டை."

பிறகு கேட்டான்:
"அந்தக் கையத் தட்டிவிட மருந்து இருக்கா?"
சிலருக்கு, என்றேன்.
மஹரகமவுக்குக் கடிதம் எழுதினேன்.
கொழும்பு பஸ் விடியக் காலை நாலரைக்கு.

பள்ளத்தில் ஃபெக்டரி சங்கு ஊதியது.
பழக்கத்தில் எழுந்தவன்
மறுபடி உட்கார்ந்தான்.
உள்ளே தவமலர் யாரிடமோ
பிளேன்டீ கேட்கிறாள்,
சீனி கூடப் போட்டு.