இலவசத் திருத்தம்

இரவு பதினொன்றுக்கு வந்து விழுந்தது தலைப்பு:
‘உலகமயச் சூழலில் உயர்கல்விச் சீர்திருத்தம்.’
எட்டுப் பக்கம். விடியற்காலை ஆறுக்குள்.
பக்கத்துக்கு நாலு டாலர்,
அதில் பாதி கணக்கின் சொந்தக்காரனுக்கு.
நைரோபி என்றால் அந்தத் தளம் கதவைத் திறக்காது.
ஆகவே இரவில் நான் டெக்சஸ்காரி, பெயர் மெலிண்டா.
பகலில் நியாபோகே,
கஹாவா வெஸ்டில் பெயின்ட் கடைக்கு மேலே
மூன்றாம் மாடி.

மீட்டரில் பதினோரு யூனிட் இருக்கிறது. போதும்.

சீர்திருத்தம் எனக்குத் தெரியாதா?
நாலு வருடப் படிப்பை ஆறு வருடம் படித்தவள்.
இரண்டு வேலைநிறுத்தம், ஒருமுறை கண்ணீர்ப்புகை.
புள்ளியியல் ஆசிரியர் கிகாலிக்கு வேலை மாறிப்போக
ஒரு பருவம் முழுக்க
ஆளுக்கொரு அத்தியாயம் பிரித்துக்கொண்டு
நாங்களே நடத்தி நாங்களே கேட்டோம்.
கட்டணப் பாக்கி தீரும்வரை
பதிவாளர் அறையின் பச்சை அலமாரியில்
படுத்திருக்கும் என் பட்டம்.
அதை மீட்கத்தான்
அடுத்தவருக்குப் பட்டம் வாங்கித் தருகிறேன்.
வணிகத்தில் மூன்று, செவிலியத்தில் ஒன்று,
இறையியலில் ஒன்று. அந்தப் பையன்
இப்போது எங்கோ பிரசங்கம் செய்கிறான்.
பாவமன்னிப்பு பற்றி நான் எழுதித் தந்ததை
ஒருமுறையாவது படித்தானோ என்னவோ.

‘அறிவுக்கு எல்லைகள் இல்லை’ என்று தொடங்கினேன்.
இரண்டு முறை விசா மறுக்கப்பட்ட பாஸ்போர்ட்
தேநீர்க் கோப்பைக்கு அடியில் இருந்தது,
மேசையில் வட்டம் விழாமல் இருக்க.
எங்கள் பல்கலைக்கழகங்களைப் பற்றி
எவரோ எழுதிய ஆய்வு ஒன்று கிடைத்தது.
திறந்து படிக்க முப்பத்தொன்பது டாலர்.
சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டினேன்.

ஒன்றரைக்கு அவளிடமிருந்து செய்தி:
‘இவ்வளவு நன்றாக வேண்டாம்.
என் பேராசிரியர் நம்பமாட்டார்.’
உட்கார்ந்து வாக்கியங்களை ஒடித்தேன்.
ஒரு காற்புள்ளியைக் களவாடினேன்,
‘ஆகையால்’ தேவைப்படாத இரண்டு இடங்களில்
ஆகையால் வைத்தேன்.
கட்டுவதைவிடக் கடினம்
கச்சிதமாகக் கெடுப்பது.

கடைசிப் பத்தி: ‘உங்கள் சொந்த அனுபவத்தைச் சேர்க்கவும்.’

உன் அனுபவம் என்ன என்று கேட்டேன்.
மூன்று மணிக்குப் பதில் வந்தது.
அங்கே அப்போதுதான் இருட்டியிருக்கும்.
‘கிடங்கில் இருக்கிறேன். பெட்டி அடுக்கும் வேலை.
ஐந்து நிமிட இடைவேளை, அதில் மூன்று போயாச்சு.
கடன் என்று ஏதாவது எழுது.’

அதுவரை அவளை நான்
தலையணை அதிகமுள்ள அறையில் வைத்திருந்தேன்.

அவள் பெட்டிகளை எழுதினேன். அவள் முதுகை எழுதினேன்.
விரல் ஓடிய வேகத்தில் இதுவும் விழுந்தது:
‘சான்றிதழ் அலமாரியில் இருக்கிறது. சாவி
யாரிடம் என்று கேட்டால், அவர்
தேநீர் குடிக்கப் போயிருக்கிறார் என்கிறார்கள்.’
அழிக்க நினைத்தேன். அதற்குள்
ஐந்து ஐம்பத்திரண்டு.
அனுப்பிவிட்டுத் தூங்கிப்போனேன்.

ஒன்பதாம் நாள் ஒரு புகைப்படம் அனுப்பினாள்.
கிறுக்கலான சிவப்பு மை.
முதல் ஏழு பக்கத்தில் ஒரு கீறலும் இல்லை.
எட்டாவதில் அந்தச் சாவியைச் சுற்றி வட்டம்;
ஓரத்தில், ‘இங்கே பேசுவது யார்?
விரித்து எழுதி மீண்டும் தரவும்.’
கீழே அவள்:
‘மன்னிக்கணும். எந்த அலமாரி?
எனக்கே புரியவில்லை.
திருத்தம் இலவசம்தானே?’

விதிப்படி இலவசம்தான், பதினான்கு நாள்வரை.

மீட்டரில் சிவப்பாக ஒன்று.
கீழே ஷட்டர் இறங்குகிறது.
கடைசி மட்டாட்டு தன் பாட்டை
திருப்பத்தில் கொட்டிவிட்டுப் போகிறது.
புதிய பக்கம் திறந்து
‘நான்’ என்று மட்டும் அடித்துவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.