பாசி

ஒற்றைப் பெண் கப்பிதான் வேண்டும் என்று
கேட்டு வாங்கினேன்.
"தனி ஆள். பெருகாது" என்றார் கடைக்காரர்,
வலையை உதறிக்கொண்டே.
ஒஸ்த்ராவாவில் முதல் பனி விழுந்த வாரம் அது.
எட்டாம் எண் டிராமை டிப்போவில் விட்டுவிட்டு
கோட்டுக்குள் நீர்ப்பையை அணைத்துக்கொண்டு
ஐந்து மாடி ஏறினேன்.
லிஃப்ட் வழக்கம்போல் பழுது.

டிசம்பரில் முப்பத்தொரு குட்டிகள்.
ஜனவரியில் இருபத்தெட்டு.
எப்போதோ எந்தத் தொட்டியிலோ
சேர்ந்த ஒருவனின் விந்தை
மாதக்கணக்கில் உள்ளே வைத்திருக்குமாம்,
நிலவறையில் நான் அடுக்கியிருக்கும்
பிளம் புட்டிகளைப் போல.
வேண்டும்போது ஒன்றைத் திறந்துகொள்ளும்.

மீன்குஞ்சுக்கு நீச்சல் சொல்லித்தர வேண்டுமா என்பார்கள்.
இரவுப் பணி முடிந்து வந்து
கண்ணாடியில் மூக்கு அழுந்த
உட்கார்ந்து பார்த்தவர்கள் இல்லை அவர்கள்.
சுருண்டு விழும், வெறும் கண்ணும் வாலுமாக.
கூழாங்கல் மேல் சும்மா கிடக்கும்.
பிறகு
அடுப்பை அணைத்தோமா என்று
பாதி வழியில் நினைவு வந்தவள் போல
வெடுக்கென்று எழும்.

தாய் திரும்பிப் பார்த்தது.
ஒன்றைத் தின்றது.
இன்னொன்றை.
தப்பியவை பாசத்தால் தப்பவில்லை,
பாசியால் தப்பின.
மறுநாளே இரண்டு கொத்து வாங்கிப் போட்டேன்.

ஏப்ரலில் எண்ணுவதை விட்டுவிட்டேன்.
ஊறுகாய்ப் புட்டியில் ஆறு டிப்போவுக்கு,
பத்து பல் மருத்துவரின் காத்திருப்பு அறைக்கு,
மூன்று, வேண்டாம் என்ற தங்கை லியுபாவுக்கு.
இரண்டாம் மாடி ஹினெக் வளர்ப்பது ஆஸ்கர் மீன்,
உள்ளங்கை அகலம்,
ஆள் நடந்தால் கண்ணும் கூடவே நடக்கும்.
"உருப்படிக்கு இரண்டு கொருனா, ரட்மிலா.
யோசித்துச் சொல்."
படியிறங்கும்போதெல்லாம்
அவன் கதவருகே வேகமாக நடந்தேன்.

மே மாதம் தண்ணீர் நாறியது.
விடியும்வரை வாளி வாளியாக மாற்றினேன்.
காலையில் நாற்பதை வடித்து
அவன் மணியை அழுத்தினேன்.
"நின்று பார்க்கிறாயா?" என்றான்.
நின்றேன்.
அது திரும்பிய விதம்
எனக்குத் தெரிந்த விதமாகவே இருந்தது.
அதன் தொட்டியில்
ஒரு இழைப் பாசிகூட இல்லை.

எண்பது கொருனா.
போகும் வழியில் அவளுக்குத் தீனி வாங்கினேன்,
கொஞ்சம் உயர்ந்த ரகம்.
வயிற்றோரம் அந்தப் புள்ளி
மறுபடி கறுத்திருந்தது.
டப்பாவின் மூடியில் ஒரு மீன்,
வாய் நிறையச் சிரித்தபடி.