வருகைப் பதிவேடு

கீழக்குயில்குடிக்கு இப்பால், மலையை ஒட்டி ஒரு தகரக் கொட்டகை.
இரண்டு பிளாஸ்டிக் பலகைகள், ஒன்றின்மேல் ஒன்று,
கறுப்பு டேப்பில் இறுகச் சுற்றியவை.
ஊசிமுனை வெளிச்சம் புகுந்தாலும் கணக்கு கெடும்.
டவுன்ஹால் ரோட்டில் பதினெட்டுச் சுருள் கேட்டபோது
"எதைக் கட்டிக் கடத்தப்போறீங்க?" என்றார் கடைக்காரர்.

இரண்டும் ஒரே கணத்தில் மின்னினால்
ஏதோ ஒன்று கடந்துபோயிருக்கிறது.
டிக்.
         டிக், டிக்.

இரவுக் காவல் ஒச்சப்பனிடம் நீள நோட்டு உண்டு:
பெயர், ஊர், யாரைப் பார்க்க, வந்த நேரம், போன நேரம்.
"இவுக எந்த ஊரு?"

வெடித்துச் செத்த நட்சத்திரங்களின் அதிர்வலையில்
முன்னும் பின்னும் அடிபட்டு
வேகம் ஏறிக் கிளம்பியவை, பெரும்பாலும், என்கிறார்கள்.
"என்கிறாகளா?"
ஆமாம். மின்னூட்டம் உள்ளவை அவை.
வெளியெங்கும் காந்தப்புலம், சிக்கெடுக்காத நூல்கண்டாய்.
ஒவ்வொரு இழையும் கொஞ்சம் வளைத்துவிடும்,
கோடி வருடம் இப்படியே.
தெற்கு மாசி வீதியில் ஒருவன்
மேற்கிலிருந்து வருகிறான் என்பதற்காகச்
சோழவந்தான்காரன் ஆகிவிடுவானா?
"ஆக மாட்டான்," என்றார். "அது ஒருவழிப் பாதை."

வந்தவர் மேலேயே காற்றில் மோதி உடைந்துபோகிறார்.
இங்கே கேட்பது வாரிசு.
நொடியில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு ஆயுசு அதற்கு,
அதற்குள் ஒரு பஸ் ஸ்டாப் தூரம்தான் போகலாம்.
ஓடுகிற ஓட்டத்தில் அதன் கடிகாரம் சோம்பிவிட,
பதினைந்து கிலோமீட்டர் இறங்கி வந்துவிடுகிறது,
சாகாமல், கொட்டகைவரை.

பலகைகளுக்கு நடுவே கையை நீட்டினார்.
டிக். டிக்.
எண்ணிக்கை மாறவில்லை.
"அப்ப நான் குறுக்கே நிக்கிறதே தெரியலையா?"
தெரியாது.
பலகைகளைச் சாய்த்து மலைப்பக்கம் திருப்பினேன்.
சத்தம் நின்றுபோனது போல இருந்தது.
வெகுநேரம் கழித்து ஒன்று.
பாறை குடித்தது போக மிச்சம்.
"மலையா இருந்தாத்தான் மதிக்கும்போல,"
கையைக் காக்கிச் சட்டையில் துடைத்துக்கொண்டு
வாசலுக்குப் போய்விட்டார்.

விடியலில் கையெழுத்துப் போடப் போனேன்.
நாகஜோதி, செக்கானூரணி.
அதற்குக் கீழே புது வரி, அவர் கையெழுத்தில்:
பெயர் தெரியாது. ஆட்கள் 41,318.
ஊர்: கேட்டதுக்குச் சரியான பதில் இல்லை.
வந்த நேரம் ராத்திரி பூரா. போன நேரம் அதே.

யாரைப் பார்க்க என்ற கட்டத்தில்
எழுத வந்து நிறுத்தியிருக்கிறார்.
பேனா ஊன்றிய இடத்தில் மை ஒரு புள்ளியாய் ஊறி
அடுத்த தாளுக்கும் இறங்கியிருந்தது.