சேர விரும்புவதற்கான காரணம்

செப்டம்பர். எஸ்தோனியக் காடுகள் முழுக்க ஈரம்.
தார்த்துவில் என் மேசைக்கடியில் ஓடும் சர்வரில்
'காளான்கூடை' என்றொரு குழு.
கடலுக்கு அந்தப் பக்கம், துர்க்குவில்,
பிர்க்கோ என்கிற பல் மருத்துவரின் சர்வரில்
இன்னொரு 'காளான்கூடை'.
அதே பெயர். முகப்பில் அதே மஞ்சள் காளான்.
யார் யாரைப் பார்த்து வைத்தது என்று
இரண்டு வருடமாய் வழக்கு.

இணைத்துவிடலாம் என்றார் ஹெல்டுர்.
எதை எதில் என்று கேட்டதும்
பேச்சு குத்துக்கல்லாய் நின்றது.
எங்களிடம் ஆள் அதிகம்,
அவர்களிடம் ஒழுங்கு அதிகம்.
இரண்டு இடத்திலும் வாக்கெடுப்பு வைத்தோம்.
இங்கே சரி என்றது, அங்கே வேண்டாம் என்றது.
பாதிப் பேர் இரண்டிலும் வாக்களித்தவர்கள் என்று
பிறகுதான் தெரிந்தது.

அந்தச் செவ்வாய் மாலை
ஓலாந்துத் தீவிலிருந்து தோர்வால்ட் என்று ஒருவர்
ஒரு படம் போட்டார்:
செய்தித்தாள் மேல் ஐந்து வெள்ளைக் காளான்கள்.
'தின்னலாமா?'

கேட்டது துர்க்குவில்.
அங்கே இரண்டு இதயம், ஒரு 'வெண்ணெயில் வதக்குங்கள்'.
நிறையக் கண் படட்டும் என்று
யாரோ புண்ணியவான் படத்தை எடுத்து
இங்கேயும் ஒட்டினார்.

இங்கே கொட்டியது.
குடைக்கு அடியில் பார், மடிப்பெல்லாம் வெள்ளை.
காம்பில் வளையம்.
அடியை வெட்டிவிட்டார், அடி எங்கே?
பறித்த இடத்தைத் தோண்டு,
முட்டையோடு போல் ஒரு பை இருந்தால்
கையைக் கழுவு, காளானை மற.
முப்பத்தொரு பதில்.
கேட்டவருக்கு ஒன்றுகூடப் போகவில்லை.
அவர் எதிரே உட்கார்ந்து வாசிப்பதாக நினைத்து
நாங்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டிருந்தோம்,
பையா, உறையா, எது சரியான சொல் என்று.

ஏழே முக்காலுக்குத்தான் கவனித்தேன்,
படத்துக்கு மேலே சின்ன எழுத்தில்:
துர்க்குவிலிருந்து.

எங்கள் பக்கமிருந்து போன குப்பை விளம்பரங்களுக்காக
ஏப்ரலிலேயே பிர்க்கோ எங்களை அடைத்துவிட்டார்.
இங்கிருந்து எழுதினால் அங்கே விழாது.
எட்டிப் பார்க்கலாம், வாய் திறக்க முடியாது.
புதிதாய்க் கணக்குத் தொடங்கப் போனேன்.
பெயர். மின்னஞ்சல்.
'எங்களோடு சேர விரும்புவதற்கான காரணம்.
ஒரு மனிதர் படித்துப் பார்த்து அனுமதிப்பார்.'

எழுதினேன்:
தோர்வால்டிடம் சொல்லுங்கள், தின்ன வேண்டாம்.
பறித்த இடத்தைத் தோண்டச் சொல்லுங்கள்.

'உங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது.'

அந்த வரியையே திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தேன்.
வெண்ணெய் உருக எவ்வளவு நேரமாகும்?

பிர்க்கோ அப்போது
யாருடைய கடைவாய்ப்பல்லோடோ மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாராம்.
கையுறையைக் கழற்றியதும் படித்திருக்கிறார்.
என்னை அனுமதிக்கவில்லை.
நேரே அவருக்கு எழுதினார்.

ஒன்பது இருபதுக்குத் தோர்வால்டின் பதில்,
சொல் இல்லாமல் படம் மட்டும்:
டார்ச் வெளிச்சத்தில் கரண்டியால் கிளறிய மண்,
அதில் கிழிந்த வெள்ளைப் பை.
இன்னொரு படத்தில் ஒரு தட்டு.
தின்று முடித்ததா, எடுக்காமலே வைத்ததா,
சொல்ல முடியவில்லை.

ஒரு நாள் முழுக்கச் சத்தமில்லாமல் இருக்கக்கூடிய விஷம் அது.
புதன் போனது.
வியாழனன்று லீலோ நாலு தரம் கேட்டாள்,
ஏதாவது தெரிந்ததா என்று.
வெள்ளிக்கிழமை அவரே வந்தார்,
பழுப்பு நிறத்தில் வேறொன்றைத் தூக்கிக்கொண்டு.
'தின்னலாமா?'
இந்த முறை இரண்டு இடத்திலும் கேட்டிருந்தார்.

இணைக்கும் பேச்சு மறுபடி கிளம்பியது,
மறுபடி நின்றது.
பிர்க்கோ அடைப்பை மட்டும் எடுத்துவிட்டார்.
என் விண்ணப்பம்
இன்னும் பரிசீலனையில்தான் இருக்கிறது.