பதினேழாம் பெயர்

புதுக்கடை நீதிமன்றப் படியில்
மழைக்கு ஒதுங்கி நின்றபோது
சட்டத்தரணி கேட்டார்:
"எல்லாப் பெயரும் எழுதியாச்சா, ஞானாதிக்கம்?
ஒன்றை விட்டீங்களெண்டா
அந்த ஒன்று உங்களை விடாது."

பதினாறு பெயர்.
சீமெந்து ஏஜென்ட் பாயிஸ் ஹாஜியார்,
லொறிக்கு லீசிங் தந்த கம்பெனி,
இரண்டு வங்கி, ஒரு நகைக்கடை...
மீட்டர் வட்டி மொறிஸின் தொகையை மட்டும்
பென்சிலால் எழுதினேன்,
விடிய விடிய வளர்வதால்.

ஆமர் வீதியில் எனக்கொரு கடை இருந்தது.
குழாய், பூட்டு, வெள்ளைப் பெயின்ற்.
நாடே கையை விரித்த வருஷம்,
டொலர் ஏறின கிழமை,
துறைமுகத்தில் கிடந்த என் கொள்கலன்
என்னைவிடப் பெரிய முதலாளியாகி
நாளுக்கு இவ்வளவென்று
என்னிடமே வாடகை கேட்டது.
திரும்பி வந்த செக்குகளை
மனைவி வேதாகமத்துக்குள் வைத்தாள்.
சங்கீதம் தடித்துப்போனது.

வாசல் மணி அடித்தால்
மூச்சைப் பிடித்துக்கொள்வோம்.
சின்னவள் பாடமாக்கியிருந்தாள்:
"அப்பா கண்டிக்குப் போயிட்டார்."
நான் கட்டிலுக்கடியில்,
கண்டியில்,
தூசிக்குத் தும்மாமல்.

இன்று நீதிபதி
தலை நிமிராமலே நாலு வரி வாசித்தார்.
அவ்வளவுதான்.
இனி யாரும் கை வைக்கக்கூடாது,
கதவு தட்டக்கூடாது,
கேட்பதென்றால் இங்கே வந்து
இலக்கம் எடுத்து வரிசையில் நின்று கேள்.
மொறிஸும் வந்திருந்தான்.
என் கொலரைப் பிடித்த கை
ஒரு ஃபைலை நெஞ்சோடு பிடித்திருந்தது.
ஹாஜியாருக்குப் பின்னால், வாங்கின் ஓரத்தில்.
எனக்கே பாவமாக இருந்தது.

கடைச் சாவி போனது. லொறி போனது.
வங்குரோத்துக்காரன் என்ற பெயர்
பெயர்ப்பலகை இருந்த இடத்துக்கு வந்தது.
அதிகாரி வீட்டுக்கு வந்து மிச்சத்தை எண்ணினார்.
உடுப்பையும் பாயையும் படுக்கையையும்
சட்டம் தொடாதாம்.
"கட்டில் உங்களுக்குத்தான்" என்றார்.
கண்டி எனக்கு மிஞ்சியது.

அன்றிரவு போன் அடிக்கவில்லை.
செத்துவிட்டதோ என்று
மனைவியின் போனிலிருந்து
எனக்கே அடித்துப் பார்த்தேன்.

நாட்டாமி சூசைமுத்துவின் பெயர்
பட்டியலில் இல்லை.
கடையின் கடைசிக் கரண்ட் பில்லுக்கு
சீட்டுக் காசு பதினெட்டாயிரத்தை
துவாயில் முடிந்து கொண்டுவந்தவன்.
துண்டு இல்லை, சாட்சி இல்லை.
எழுதியிருந்தால் அவனுக்கு
ரூபாய்க்குப் பதினொரு சதம் கிடைக்கும்.
மிச்சத்துக்கு எனக்கு விடுதலை.
மழைக்குள் நின்று
"ஓம், எல்லாம் எழுதியாச்சு" என்றேன்.

சனிக்கிழமை ஐந்துலாம்புச் சந்தியில் கண்டேன்,
யாருடையதோ சீனி மூட்டைகளை
வண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான்.
"முதலாளி, தேத்தண்ணி குடிச்சாச்சா?"
சட்டைப் பையில் இருநூற்றி நாற்பது ரூபா.
நான் ரோட்டின் மற்றப் பக்கம் மாறவில்லை.
வண்டியின் பின்பக்கம் கை கொடுத்து
ஏற்றம் முடியுமட்டும் தள்ளினேன்.